சாத்தான்குளம், ஜூன் 2020: நடுவில் நிற்க வேண்டியவர்கள்

2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. கொரோனா ஊரடங்கு காலம். சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்ற வியாபாரியை அன்று மாலை போலீஸார் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். செல்போன் கடை நடத்திவந்த அவர் மகன் பென்னிக்ஸ், விஷயம் தெரிந்து பின்னாலேயே போனார். இரண்டு பேரும் வீடு திரும்பவில்லை. 22ஆம் தேதி இரவு மகனும், 23 விடியற்காலை தகப்பனாரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்கள். அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற போலீஸ் குற்றச்சாட்டுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

யார் அடித்தார்கள், எப்படி அடித்தார்கள் என்பதற்கு சிபிஐயின் குற்றப்பத்திரிகை இருக்கிறது, விசாரணை நீதிமன்றம் இருக்கிறது. அதற்குள் இந்த ஆய்வு போகப்போவதில்லை. நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஒரு காவல் நிலையத்தின் லத்திக்கும் ஒரு குடிமகனின் முதுகுக்கும் நடுவில் இந்திய அரசியலமைப்பு சிலரை நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் அவர்களில் யார் தம் இடத்தில் நின்றார்கள், யார் விலகிக்கொண்டார்கள்? அதிகாரத்துக்கு வரம்பு என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழக்கு நம் பக்கத்தில் இல்லை.

நம் பக்கம் என்று சொல்லக் காரணம் உண்டு. சாத்தான்குளம் இப்போது தூத்துக்குடி மாவட்டம். ஆனால் 1986 வரை அது திருநெல்வேலி மாவட்டம்தான். பிரேதப் பரிசோதனை நடந்தது பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில். வழக்கை முதலில் கையில் எடுத்த சிபிசிஐடி (மாநிலக் காவல் துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு) அதிகாரியும் திருநெல்வேலிப் பிரிவுக்காரர். மாவட்டக் கோடு மாறினாலும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அந்த ஊர்க்காரர்கள் நெல்லைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

முதல் இருபத்துநான்கு மணி நேரம்

போலீஸார் பதிந்த முதல் தகவல் அறிக்கையில் இந்திய தண்டனைச் சட்டத்தின் ஐந்து பிரிவுகள் இருந்தன: 188, 269, 294(பி), 353, 506(2). அரசு ஊழியர் உத்தரவை மீறியது, நோய் பரவும்படி அலட்சியமாக நடந்தது, பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்தது, கொலை மிரட்டல். கைதுசெய்யப் போனபோது இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் காயம் இருக்கிறது என்பது காகிதத்திலேயே இருந்தது. பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியை அந்தக் காகிதமே எடுத்துக் கொடுத்தது.

இந்த ஐந்தில் பெரிய தண்டனை 506(2)க்குத்தான், அதிகபட்சம் ஏழு ஆண்டு. மற்றவை இரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிடும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு உடனே கைது என்பது கிடையாது. கைது ஏன் அவசியம் என்று போலீஸ் அதிகாரி எழுத்தில் காரணம் வைக்க வேண்டும். அவசியமில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்ல வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014ல் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. ஊரிலேயே கடை, ஊரிலேயே வீடு. ஓடிப்போகிற ஆட்களும் இல்லை. ஒரு நோட்டீஸோடு முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம்.

ஆக முதல் வரம்பு போலீஸ்காரரின் பேனாவில் இருந்தது. அது நிற்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. தன் கையைத் தானே பிடித்துக்கொள் என்று ஒரு துறையிடம் சொல்வது அறிவுரை, அவ்வளவுதான். அரசியலமைப்பும் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அதனால்தான் அடுத்தடுத்து வேறு ஆட்களை வைத்தது.

அடுத்த ஆள் டாக்டர். 20ஆம் தேதி இருவரையும் சாத்தான்குளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சிறையில் வைக்கத் தகுதியாக இருக்கிறார்கள் என்று சான்று கிடைத்தது. கைதானவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி, காயங்களைக் குறித்து வைக்க வேண்டும் என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறையில் உண்டு. பிறகு அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. டாக்டர் சுகாதாரத் துறை ஊழியர். எஸ்.பி.க்கோ இன்ஸ்பெக்டருக்கோ கட்டுப்பட்டவர் அல்ல. ஏட்டில் அப்படி. சின்ன ஊரில் நிலைமை வேறு. இரவு நேரத்தில் ஆஸ்பத்திரியில் குடித்துவிட்டு ரகளை செய்கிறவனை அப்புறப்படுத்த டாக்டர் போன் போடுவது இதே ஸ்டேஷனுக்குத்தான். தனித்தனித் துறை என்பது தனித்தனி மனசு ஆகிவிடாது.

அதற்கடுத்தவர்தான் முக்கியமானவர்: மாஜிஸ்திரேட். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, இரண்டாவது உட்பிரிவு. கைதான ஒவ்வொருவரையும், பயண நேரம் நீங்கலாக, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் உத்தரவு இல்லாமல் அதற்குமேல் ஒரு நிமிடமும் வைத்திருக்கக் கூடாது. 20ஆம் தேதியே இருவரையும் சாத்தான்குளம் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோனார்கள். ரிமாண்ட் உத்தரவும், அதாவது சிறைக் காவலில் வைக்க அனுமதியும் வாங்கினார்கள். கணக்குப் பார்த்தால் இருபத்துநான்கு மணி நேரம் தாண்டவில்லை. அரசியலமைப்பின் எழுத்து அச்சுப் பிசகாமல் நிறைவேறிவிட்டது.

ஆனால் மாஜிஸ்திரேட் அவர்களைக் கிட்டத்தில் நிறுத்திப் பார்க்கவே இல்லை, தூரத்திலிருந்தே உத்தரவு கொடுத்துவிட்டார் என்பது பரவலாக எழுந்த குற்றச்சாட்டு. ரத்தம் வழிந்து வேட்டி, லுங்கி மாற்றி மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது என்று குடும்பத்தார் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஒருவரை இரண்டடி தூரத்தில் நிற்கவைத்து "போலீஸ் அடிச்சாங்களா?" என்று ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் போதும். ரிமாண்ட் என்பது முத்திரை குத்துகிற வேலை அல்ல, நீதிபதி மனதைச் செலுத்திச் செய்ய வேண்டிய காரியம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கைதுக்குக் காரணம் இருக்கிறதா என்று பார்க்காமல் காவலில் வைக்க அனுமதிக்கும் மாஜிஸ்திரேட் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றுகூட அர்னேஷ் குமார் தீர்ப்பு எச்சரிக்கிறது.

அங்கிருந்து கோவில்பட்டி கிளைச் சிறை. நூறு கிலோமீட்டருக்குக் குறையாத பயணம். பக்கத்தில் வேறு கிளைச் சிறைகள் இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தூரம் பின்னால் வேறு விதமாகத் திரும்பியது. அதற்கு வருகிறேன்.

22ஆம் பிரிவு எங்கிருந்து வந்தது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உயிரையும் உடல் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவில், சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாரிடமிருந்தும் அவற்றைப் பறிக்கக் கூடாது என்று இருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் பலருக்கு இது போதவில்லை. சட்டம் வகுத்த நடைமுறை என்றால், நாளைக்கு நாடாளுமன்றம் ஒரு மோசமான சட்டம் போட்டால் அதுவும் நடைமுறைதானே என்று கேட்டார்கள். அந்த அதிருப்தியை ஓரளவு ஈடுசெய்வதற்காக 1949 செப்டம்பர் 15 அன்று அம்பேத்கர் 15ஏ என்ற புதிய பிரிவை முன்வைத்தார். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அதுதான் இன்றைய 22. இவை குற்ற நடைமுறைச் சட்டத்தில் முன்பே இருந்தவைதான். சாதாரணச் சட்டத்தில் இருந்தால் எந்தச் சட்டமன்றமும் சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கிவிடலாம். அடிப்படை உரிமையாக ஏற்றிவிட்டால் அவ்வளவு லேசில் கை வைக்க முடியாது. அம்பேத்கர் செய்தது அந்த இடமாற்றம்தான்.

ஒரு மாஜிஸ்திரேட் நடுவில் இருப்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கிறவர்களுக்கு நெல்லையே பதில் சொல்லும். 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் திருநெல்வேலிக்கு வரவழைத்துச் சிறையில் அடைத்தவர் கலெக்டர் விஞ்ச். மாவட்டத்தை ஆள்கிறவரும் அவர்தான், மாவட்ட மாஜிஸ்திரேட்டும் அவர்தான். வரி வசூல், போலீஸ் மேற்பார்வை, கைதுக்கு உத்தரவு, அதைச் சரிபார்க்க வேண்டிய நாற்காலி எல்லாம் ஒரே ஆளிடம். மறுநாள் மார்ச் 13 அன்று ஊர் பொங்கி எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஜூலையில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனையை ஒன்றன்பின் ஒன்றாக, நாற்பது வருடம் என்று விதித்தார். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் குறைத்தது. காலனி ஆட்சியிலேயே மேலே ஒரு கோர்ட் கொஞ்சம் கையைப் பிடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கைதான அந்த நாளில் பிடித்து நிறுத்த ஒருவரும் இல்லை.

ஆட்சித் துறையிலிருந்து நீதித் துறையைப் பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 50ஆம் பிரிவு சொல்கிறது. கோர்ட்டில் போய் உரிமையாகக் கேட்க முடியாத வழிகாட்டு நெறிதான் அது. ஆனாலும் 1973ஆம் ஆண்டு குற்ற நடைமுறைச் சட்டம் நாடு முழுவதும் அதைக் கொண்டுவந்தது. ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட் இப்போது கலெக்டரின் ஆள் அல்ல. 235ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர். பதவி உயர்வு, இடமாற்றம் எதற்கும் அவர் கலெக்டரையோ எஸ்.பி.யையோ பார்க்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் சாத்தான்குளத்தில் வேலை நடக்கவில்லை. இந்த வழக்கிலேயே என்னை அதிகம் உறுத்துவது இதுதான். நாற்காலியைப் பிரித்து வைத்தாயிற்று. உட்கார்ந்தவர் எழுந்து வந்து பார்க்காவிட்டால் பிரித்த பலன் கிடைக்காது. பிரிக்காவிட்டாலோ, பார்க்க நினைக்கிறவருக்கும் வழியே இருக்காது. இந்த இரண்டாவது பாதியை அடுத்த வாரம் கோவில்பட்டி காட்டியது.

கோவில்பட்டியும் மதுரையும்

காவலில் ஒருவர் இறந்தால் போலீஸ் விசாரணையோடு நீதித்துறை மாஜிஸ்திரேட் ஒருவரும் தனியாக விசாரிக்க வேண்டும். குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ). 2005 திருத்தத்தில் வந்தது. எந்த மாஜிஸ்திரேட்? குற்றம் நடந்த இடம் யார் எல்லைக்குள் இருக்கிறதோ, அவர் என்கிறது சட்டம். இங்கே மரணம் நடந்த இடத்தைக் கணக்கில் எடுத்தார்கள். மரணம் கோவில்பட்டியில் நடந்தது. எனவே விசாரணை கோவில்பட்டி முதலாவது நீதித்துறை மாஜிஸ்திரேட் பாரதிதாசனிடம் வந்தது. அத்தனை தூரம் கொண்டுபோனதன் விளைவு இது. சாத்தான்குளம் எல்லையிலேயே உயிர் போயிருந்தால் விசாரணையும் அந்த எல்லைக்குள்ளேயே சுற்றியிருக்கலாம்.

அதற்குள் அரசு தன் கதையைச் சொல்லிவிட்டது. பென்னிக்ஸுக்கு மூச்சுத் திணறல், ஜெயராஜுக்கு உடல்நலக் குறைவு என்ற ரீதியில் அன்றைய முதலமைச்சரின் அறிக்கை வந்தது. தலா 10 லட்சம் ரூபாய், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை என்றும் அறிவித்தார். உள்துறையும் முதலமைச்சரிடம்தான் இருந்தது. கீழேயிருந்து போலீஸ் எழுதி அனுப்பியதை மேலே அப்படியே படித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே துறையின் ஏணியில் மேலே போகப் போக உண்மை கூடிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஜூன் 24 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி. யாரும் மனுப் போடக் காத்திருக்கவில்லை. 226ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் அகலமானது. அடிப்படை உரிமைக்காக மட்டுமல்ல, வேறு எந்த நோக்கத்துக்காகவும் தன் எல்லைக்குள் உள்ள எந்த அதிகாரிக்கும் அரசுக்கும் ஆணை பிறப்பிக்கலாம். பிரேதப் பரிசோதனையை மூன்று டாக்டர்கள் கொண்ட குழு செய்தது, வீடியோ எடுத்தார்கள். மாஜிஸ்திரேட் பாரதிதாசனை நேரே நிலையத்துக்குப் போய் ஆவணங்களைப் பார்வையிட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. அவர் சாத்தான்குளம் நிலையத்துக்குப் போனார். அன்று நடந்ததை அவரே உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதியிருக்கிறார். கூடுதல் எஸ்.பி.யும் டி.எஸ்.பி.யும் அங்கே இருந்தார்கள். கேட்ட ஆவணங்கள் உடனே வரவில்லை. லத்திகளைக் கேட்டால் காது கேளாதது போல நின்றார்கள். ஒரு காவலர் லத்தியைக் கொடுக்காமல் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டார். சிசிடிவி இருந்தது, ஆனால் பதிவுகள் தினமும் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது, சேமிக்க இடம் தாராளமாக இருந்தும். ஒரு காவலர் மாஜிஸ்திரேட்டின் முகத்துக்கு நேரே, "உன்னால ஒண்ணும் புடுங்க முடியாதுடா" என்றார்.

அந்த வாக்கியத்தைத் திமிர் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அதை ஓர் அனுபவக் கணிப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காவலர் பார்த்த உலகத்தில் டாக்டர் சான்று கொடுத்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் கொடுத்தார், மேலே அறிக்கை வந்தது. எட்டு நாளாக யாரும் ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு மாஜிஸ்திரேட் மட்டும் என்ன செய்துவிடப் போகிறார்?

அன்றே அந்த நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் வாக்குமூலம் கொடுத்தார். இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்தது, அதை அழிக்கப் பார்ப்பார்கள் என்று சொன்னார். மிகவும் பயந்துபோய்த்தான் சொன்னார், கையெழுத்துப் போடத் தயங்கினார் என்று அறிக்கையில் இருக்கிறது. வெளியே சக காவலர்கள் கூடி நின்றுகொண்டிருந்தார்கள். நாளைக்கும் அதே ஸ்டேஷனில் டூட்டி பார்க்க வேண்டியவர் அவர். நடுவில் நிற்க வேண்டியவர்கள் பட்டியலில் அரசியலமைப்பு அவரை வைக்கவே இல்லை. அவர் தானாக வந்து நின்றார். பிறகு நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உத்தரவிட்டது.

அறிக்கை வந்ததும், ஜூன் 29 அன்று மதுரைக் கிளை போட்ட உத்தரவு அபூர்வமானது. சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறையினரின் கட்டுப்பாட்டில் கொண்டுவர ஏற்பாடு செய்யும்படி தூத்துக்குடி கலெக்டருக்குச் சொன்னார்கள், தடயங்கள் அழியாமல் இருப்பதற்காக. தாசில்தார் ஆபீஸ் ஆட்கள் போய் ஒரு போலீஸ் ஸ்டேஷனைக் காவல் காத்தார்கள். கூடுதல் எஸ்.பி., டி.எஸ்.பி., அந்தக் காவலர் மூவர் மீதும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கி, மறுநாளே நேரில் வரச்சொன்னார்கள். உயர் நீதிமன்றம் ஆவண நீதிமன்றம், தன்னை அவமதிப்பவரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு என்று 215ஆம் பிரிவு சொல்கிறது.

ஜூன் 30. அரசு விசாரணையை சிபிஐக்கு மாற்ற முடிவு செய்திருந்தது. சிபிஐ வந்து சேரும்வரை தடயங்கள் காத்திருக்காது என்று நீதிபதிகள் சொன்னார்கள். கொலைக் குற்றத்துக்கு முகாந்திரம் இருப்பதாகப் பிரேதப் பரிசோதனைக் குறிப்பையும் மாஜிஸ்திரேட் அறிக்கையையும் வைத்துச் சொல்லிவிட்டு, இடைக்காலமாகத் திருநெல்வேலி சிபிசிஐடி டி.எஸ்.பி.யிடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். ஜூலை 1 அன்று முதல் சப்-இன்ஸ்பெக்டர் கைதானார். அந்தச் செய்தி வந்த இரவு சாத்தான்குளத்தில் வெடி போட்டார்கள். பிறகு சிபிஐ வந்தது. செப்டம்பரில் ஒன்பது போலீஸார் மீது கொலைக் குற்றப்பத்திரிகை மதுரையில் தாக்கலானது. கைதானவர்களில் இன்னொருவர் அதற்குள் கொரோனாவில் இறந்துபோயிருந்தார்.

ஏன் மதுரையில் முடிந்தது, சாத்தான்குளத்தில் முடியவில்லை?

அந்த இரண்டு நீதிபதிகளும் தைரியசாலிகள், அதனால்தான் என்று முடித்துவிடலாம். தைரியம் உண்மைதான். ஆனால் அந்தத் தைரியத்துக்குக் கீழே போட்ட அஸ்திவாரத்தையும் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயது வரை பதவியில் இருக்கலாம். அவரை நீக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதோடு அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும். அவருடைய சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியின் மேல் சுமத்தப்பட்டது, சட்டமன்ற வாக்கெடுப்புக்கு வராது. ஆளுங்கட்சி கோபப்பட்டாலும் மாதச் சம்பளம் நிற்காது. மூளியான, ருசியில்லாத விதிகள்தான் இவை. மேடையில் யாரும் இவற்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்க மாட்டார்கள். ஆனால் ஜூன் 29 உத்தரவு இவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று தூரம். மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் நெல்லைச் சீமைக்காரன் ஒரு ரிட் மனு போட வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், தங்க வேண்டும். உரிமைக்கு விலை அத்தனை கிலோமீட்டர். மதுரைக் கிளைக்காகத் தென்மாவட்ட வக்கீல்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அதை அவர்கள் தொழில் விஷயம் என்று நினைத்தவர்களும் உண்டு. சாத்தான்குளத்தை வைத்துப் பார்த்தால் அது தொழில் விஷயம் மட்டுமல்ல.

ஊரடங்கு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அப்போது பலருக்கு ஓர் எண்ணம் இருந்தது: நாட்டில் பெரிய நோய், இப்போது போய் உரிமை அது இதென்று பேசக் கூடாது, போலீஸ் நாலு சாத்து சாத்தினால்தான் ஜனம் அடங்கும். வீடியோ போட்டு ரசித்தவர்கள் எத்தனை பேர்! ஆனால் 2020ல் நாட்டில் நெருக்கடி நிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஊரடங்கு நின்றது 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் மேலும், 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் மேலும். அவை அரசுக்குக் கடையை மூடச்சொல்ல அதிகாரம் தந்தன. மூடாதவனை அடிக்கத் தரவில்லை. சரி, நெருக்கடி நிலையே இருந்தால்? 1976ல் ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் உடல் சுதந்திரத்துக்காகக் கோர்ட் படியேற முடியாது என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. மாறுபட்டவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. 1978ல் 44ஆவது திருத்தம் அந்த வழியை அடைத்தது. 20, 21ஆம் பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. 2017ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பையே தள்ளியது. போர் வந்தாலும் நிறுத்த முடியாத ஒன்றை, கடை மூட நேரமானதற்காக நிறுத்த முடியுமா?

அரசியலமைப்பே விட்ட இடைவெளி

22ஆம் பிரிவைப் பாராட்டுகிறவர்கள் முதல் இரண்டு உட்பிரிவோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்றிலிருந்து ஏழு வரை படித்தால் பாராட்டு கொஞ்சம் இறங்கும். தடுப்புக் காவலில், அதாவது இனிமேல் தவறு செய்யக்கூடும் என்று முன்கூட்டியே உள்ளே வைக்கப்பட்டவருக்கு இருபத்துநான்கு மணி நேரக் கெடுவும் இல்லை, வக்கீல் உரிமையும் இல்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், நாம் குண்டாஸ் என்கிறோமே, அதன்படி ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். உத்தரவு போடுகிறவர் மாவட்டத்தில் கலெக்டர், மாநகரில் போலீஸ் கமிஷனர். ஓர் ஆலோசனைக் குழு பார்க்கும். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. நம் மாவட்டப் பத்திரிகைப் பக்கத்தில் குண்டாஸ் செய்தி இல்லாத வாரம் உண்டா? 1908ல் விஞ்ச் உட்கார்ந்த அதே நாற்காலிக்கு இந்த ஒரு விஷயத்தில் பழைய அதிகாரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது அரசியலமைப்பேதான். இதைச் சொல்லாமல் 22ஐப் புகழ்வது சரியல்ல என்று படுகிறது.

சாத்தான்குளத்துக்குப் பிறகு சில மாறின. 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், நடைபாதை என்று மூலை மிச்சமில்லாமல் ஒலியோடு சிசிடிவி வைத்து, பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்கச் சொன்னது, முடியாவிட்டால் ஓராண்டாவது. 2024 ஜூலை 1 முதல் குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. 22(2) மட்டும் அதே எண்ணில் இருக்கிறது.

மாறாததும் உண்டு. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் பக்கம், விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பற்களைப் பிடுங்கினார் என்று ஓர் உதவி எஸ்.பி. மீது புகார் எழுந்தது. முதல் விசாரணை சப்-கலெக்டரிடம் போனது, பிறகு மூத்த ஐஏஎஸ் அதிகாரி ஒருவரிடம், பிறகு சிபிசிஐடியிடம். யாரும் இறக்காததால் நீதித்துறை மாஜிஸ்திரேட் தானாக உள்ளே வரும் அந்த 176(1ஏ) இங்கே பொருந்தவில்லை. காவலில் உயிர் போனாலோ, ஆள் காணாமல் போனாலோ, பாலியல் வன்கொடுமைப் புகார் எழுந்தாலோதான் சுயமாகத் திறக்கிற கதவு அது. பல் போனால் ஆட்சித் துறையே ஆட்சித் துறையை விசாரிக்கும்.

ஆகவே உயிரோடு இருக்கிறவருக்கு மிச்சமிருப்பது அந்த ரிமாண்ட் நேரம் ஒன்றுதான். அங்கே செய்யக்கூடியவை சின்னவை, ஆனால் சட்டத்தில் இடமுள்ளவை. கைதுக் குறிப்பாணையின் நகலையும் கைதுக்கான காரணத்தையும் கேட்டு வாங்கலாம். சொந்தக்காரர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் ரிமாண்ட் நேரத்துக்கென்றே இலவச வக்கீல் கேட்கலாம். வட்டச் சட்டப் பணிகள் குழு அதற்காக இருக்கிறது. காயம் இருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லி, ரிமாண்ட் உத்தரவிலேயே எழுதச்சொல்லி, வேறு மருத்துவமனைக்கு அனுப்பக் கேட்கலாம். எழுத மறுத்தால் வக்கீல் ஒரு மனுவாகக் கொடுத்துவிட வேண்டும். மனு கோப்பில் ஏறிவிட்டால், பிறகு அதை மதுரையில் யாராவது படிப்பார்கள்.